குன்றல் பகுப்பும் குரோமோசோம்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் பாடத்தில் மாணவர்கள் அதிகம் மனப்பாடம் செய்வதும், தேர்வு முடிந்த மறுநாளே மறந்துபோவதும் எது என்று கேட்டால், குன்றல் பகுப்பு என்றுதான் சொல்வேன். அதன் கட்டங்களை லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன் என்று கடகடவென ஒப்பிப்பார்கள். "சரி, இவ்வளவும் எதற்காக நடக்கிறது?" என்று கேட்டால் முழிப்பார்கள். வகுப்பிலும் வெளியிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மியாசிஸ், ஒடுக்கற்பிரிவு என்று படித்தவர்களுக்கும் இதே பாடம்தான்; நிறமூர்த்தம் என்று பழகியவர்கள் குரோமோசோம் என்று வரும் இடங்களில் அப்படியே வாசித்துக்கொள்ளலாம்.

குன்றல் பகுப்பு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். ஒரு செல், மரபணுக்களைச் சுமக்கும் டி.என்.ஏ இழைகளான தன் குரோமோசோம்களை ஒரே ஒரு முறை இரட்டித்துக்கொண்டு, அப்புறம் இரண்டு முறை பிரிகிறது. கிடைப்பவை நான்கு செல்கள். ஒவ்வொன்றிலும் பாதி எண்ணிக்கைதான் இருக்கும். மனிதரில் 46 என்பது 23 ஆகிறது. விந்தணுவும் சினைமுட்டையும் இப்படித்தான் உருவாகின்றன. இரண்டும் சேரும்போது மறுபடி 46.

பாதியாகாவிட்டால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 46, 92, 184 என்று ஒவ்வொரு தலைமுறையிலும் இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாவது தலைமுறையில் 47,104 குரோமோசோம்கள். எந்தச் செல்லும் தாங்காது. குறைக்கும் பிரிவு ஒன்று எங்கோ நடந்தே தீர வேண்டும் என்று 1880களிலேயே ஜெர்மன் உயிரியலாளர் ஆகஸ்ட் வைஸ்மன் வாதிட்டார். அவர் கண்ணால் பார்த்துச் சொன்னதைவிடத் தர்க்கத்தால் சொன்னது அதிகம். 'குறைதல்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து மியாசிஸ் என்ற பெயர் 1905ல் வந்தது.

மனிதருக்கு 46 என்று எப்படித் தெரியும்?

எண்ணித்தான். ஆனால் அந்த எண்ணிக்கை முப்பது வருடங்களுக்கு மேல் தப்பாக இருந்தது. 1923ல் தியோஃபிலஸ் பெயின்டர் 48 என்று அறிவித்தார்; உலகமே அதை ஏற்றுக்கொண்டது. சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் செல்களை உப்புச்செறிவு குறைந்த கரைசலில் ஊறவைத்து உப்பச் செய்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்த குரோமோசோம்கள் விலகிப் பரவின. எண்ணினால் 46. அது 1956. டி.என்.ஏவின் இரட்டைச்சுருள் அமைப்பு தெரிந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகுதான் நம் குரோமோசோம்களைச் சரியாக எண்ணினோம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஒத்த குரோமோசோம், சகோதர குரோமாட்டிட் – இரண்டும் ஒன்றா?

இல்லை. பாடம் முழுவதும் குழம்புவது இந்த ஓர் இடத்தில்தான்.

அம்மாவிடமிருந்து வந்த 7ஆம் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து வந்த 7ஆம் குரோமோசோமும் ஒத்த குரோமோசோம்கள். ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகள் மாதிரி. அத்தியாய வரிசை ஒன்றே. அங்கங்கே சொற்கள் மட்டும் மாறியிருக்கும். அந்த மாறுபட்ட வடிவங்களுக்குத்தான் அல்லீல் என்று பெயர். சகோதர குரோமாட்டிட்கள் அப்படியல்ல. ஒரு பதிப்பை ஜெராக்ஸ் எடுத்தால் கிடைக்கும் இரண்டு பிரதிகள் அவை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

எண்ணும்போது சென்ட்ரோமியரை, அதாவது இரண்டு குரோமாட்டிட்களும் இறுக்கமாகச் சேர்ந்திருக்கும் இடத்தை, எண்ணுங்கள். செல் தன் டி.என்.ஏவை இரட்டித்த பிறகு குரோமோசோம்கள் 92 ஆகிவிட்டன என்று பலர் எழுதுவார்கள். ஆகவில்லை. 46தான், ஒவ்வொன்றும் இப்போது இரண்டு குரோமாட்டிட் கொண்டது, அவ்வளவே. முதல் பிரிவு முடிந்ததும் ஒவ்வொரு செல்லிலும் 23 குரோமோசோம்கள், 46 குரோமாட்டிட்கள். இரண்டாம் பிரிவுக்குப் பிறகு 23 குரோமோசோம்கள், ஒவ்வொன்றும் ஒற்றை இழை. எண்ணிக்கை பாதியாவது முதல் பிரிவில்தான் என்பதை இதிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பிரிவில் உண்மையில் என்னதான் நடக்கிறது?

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குன்றல் பகுப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சாதாரணச் செல் பிரிவில் அம்மாவின் 7ஆம் குரோமோசோமுக்கும் அப்பாவின் 7ஆம் குரோமோசோமுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தனித்தனியாகவே பிரிந்துபோகும். குன்றல் பகுப்பில் அவை ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். எப்படித் தேடுகின்றன தெரியுமா? செல் தன் டி.என்.ஏவைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஸ்போ11 என்ற புரதம் நூற்றுக்கணக்கான இடங்களில் இரட்டை இழையைத் துண்டிக்கிறது. வெட்டுப்பட்ட முனை, தன்னைச் சரிசெய்துகொள்ளப் பொருத்தமான வரிசை எங்கே இருக்கிறது என்று துழாவுகிறது. ஜோடியான குரோமோசோமில் அதைக் கண்டுபிடிக்கிறது. இரண்டும் நீளவாக்கில் நெருங்கி, நடுவே ஜிப் போட்ட மாதிரி ஒரு புரத அமைப்பால் பிணைக்கப்படுகின்றன. பெரும்பாலான வெட்டுகள் சத்தமில்லாமல் சரியாகிவிடும். சில இடங்களில் மட்டும் அம்மாவின் இழை அப்பாவின் இழையோடு மாற்றி ஒட்டப்படும். அதுதான் குறுக்கேற்றம். அது நடந்த இடம் நுண்ணோக்கியில் குறுக்கிட்ட சிலுவை போலத் தெரியும்; அதற்குக் கயாஸ்மா என்று பெயர்.

புத்தகங்கள் குறுக்கேற்றத்தை "மரபு வேறுபாடு உண்டாக" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. தப்பில்லை, ஆனால் பாதிதான். கயாஸ்மாவுக்கு இன்னொரு வேலை இருக்கிறது: ஜோடியைப் பிடித்து வைப்பது. வகுப்பில் இதைக் கம்பளி நூலில் செய்து காட்டுவேன். இரண்டு சிவப்பு நூல்களை (அம்மாவின் குரோமோசோமின் இரண்டு குரோமாட்டிட்கள்) பக்கத்தில் பக்கமாக வைத்து, நீளம் முழுக்க இடைவெளி விட்டுக் கிளிப் மாட்ட வேண்டும். இரண்டு நீல நூல்களுக்கும் (அப்பாவுடையவை) அப்படியே. இப்போது ஒரு சிவப்பையும் ஒரு நீலத்தையும் நடுவில் வெட்டி, மாற்றி முடிச்சுப் போடுங்கள். சிவப்பு ஜோடியின் சென்ட்ரோமியரை ஒருவர், நீல ஜோடியுடையதை இன்னொருவர், எதிரெதிர்த் திசையில் இழுங்கள். வராது. முடிச்சுக்கு அப்பால் இருக்கும் கிளிப்கள் பிடித்துக்கொள்ளும். நூல் விறைக்கும். செல்லுக்கும் அந்த விறைப்புதான் சைகை: ஜோடி சரியாக நிற்கிறது, செல்லின் இரண்டு துருவங்களிலிருந்தும் குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் பற்றியிருக்கின்றன. பிறகு குரோமோசோமின் கைகளில், அதாவது சென்ட்ரோமியருக்கு இருபுறமும் நீளும் பகுதிகளில், உள்ள கிளிப்களை மட்டும் கழற்றினால் இரண்டும் சட்டென்று பிரிந்து போகும். சென்ட்ரோமியரில் உள்ள கிளிப் மட்டும் இன்னும் கழறவில்லை. அது இரண்டாம் பிரிவுக்கு. செல்லில் அந்தக் கிளிப்பின் பெயர் கொஹீசின்.

ஆகவே ஒரு ஜோடிக்குக் குறைந்தது ஒரு குறுக்கேற்றமாவது நடந்தாக வேண்டும். நடக்காத ஜோடி பிடிமானம் இல்லாமல் மிதக்கும். இரண்டும் ஒரே பக்கம் போய்விடும் ஆபத்து உண்டு. கட்டிப்பிடித்தால்தான் ஒழுங்காகப் பிரிய முடியும்.

இரண்டாம் பிரிவு சாதாரணச் செல் பிரிவேதானே?

இயக்கத்தில் ஆமாம். சென்ட்ரோமியர் விட்டுக்கொடுக்க, குரோமாட்டிட்கள் பிரிகின்றன. ஆனால் குறுக்கேற்றம் நடந்துவிட்டதால் அந்த இரண்டும் இப்போது அச்சு அசலான ஜெராக்ஸ் பிரதிகள் அல்ல. இன்னொன்று: இதற்கு முன் டி.என்.ஏ மறுபடி இரட்டிப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

கல்லூரி நுண்ணோக்கி போதும். வெங்காயப் பூமொட்டின் மகரந்தப்பையில் பார்ப்பதுதான் வழக்கம். மொட்டுகளை ஒரு பங்கு அசெட்டிக் அமிலம், மூன்று பங்கு ஆல்கஹால் கலவையில் ஊறவைத்து, மகரந்தப்பையைப் பிரித்தெடுத்து, அசெட்டோகார்மைன் சாயம் விட்டு, கண்ணாடி வில்லையை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். சொல்லும்போது சுலபம். மொட்டின் வயதுதான் சோதனை. இளசாக இருந்தால் ஒன்றும் தொடங்கியிருக்காது. கொஞ்சம் முற்றினால் மகரந்தத் துகள்கள் மட்டும் உருண்டு கிடக்கும். நான் முதல் தடவை செய்தபோது இரண்டு மணி நேரம் மகரந்தத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான மொட்டு கிடைத்த அன்று, வெளிர் இளஞ்சிவப்புப் பின்னணியில் எட்டு அடர் சிவப்புத் திட்டுகள் தெரிந்தன. சில வளையம் போல, சில சிலுவை போல. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள், எட்டு ஜோடி. வளையமாகத் தெரிவது இரு கைகளிலும் கயாஸ்மா உள்ள ஜோடி.

ஒரே பெற்றோரின் பிள்ளைகள் ஏன் இவ்வளவு வித்தியாசமாக இருக்கிறார்கள்?

23 ஜோடிகளும் செல்லின் நடுவில் வரிசைகட்டும்போது, எந்த ஜோடியில் அம்மாவுடையது எந்தப் பக்கம் நிற்கும் என்பது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பூவா தலையா போட்ட மாதிரி. 2ஐ 23 முறை பெருக்கினால் 83,88,608. ஒருவரிடமிருந்து இத்தனை விதமான இனச்செல்கள் வரலாம். இருவர் சேர்ந்தால் ஏறக்குறைய 70 லட்சம் கோடி. இது குறுக்கேற்றத்தைக் கணக்கில் சேர்க்காமல். அதையும் சேர்த்தால் எண்ணுவதில் அர்த்தமே இல்லை.

உடன்பிறந்தவர்கள் 50 சதவீதம் பகிர்கிறார்கள் என்பது சராசரிதான். உடன்பிறந்த இருவர் 40க்குப் பக்கத்தில் இருப்பார்கள், வேறு இருவர் 60க்குப் பக்கத்தில். ஆனால் பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒவ்வொரு குரோமோசோம் ஜோடியிலும் ஒன்று வருவது நிச்சயம். அதில் சராசரி என்ற பேச்சே இல்லை.

மெண்டலுக்குக் குரோமோசோம் தெரியுமா?

தெரியாது. 1866ல் அவர் பட்டாணிச் செடி முடிவுகளை வெளியிட்டபோது குரோமோசோம் என்ற சொல்லே இல்லை. 'காரணிகள்' ஜோடியாக இருந்து இனச்செல்லில் தனித்துப் பிரிகின்றன என்று எண்களை வைத்துச் சொன்னார். 1902-03ல் வால்டர் சட்டன் வெட்டுக்கிளியின் விந்தகச் செல்களைப் பார்த்து, மெண்டலின் காரணிகள் எப்படி நடக்கின்றனவோ அப்படியே குரோமோசோம்களும் நடக்கின்றன என்று கண்டார். கடல் முள்ளெலிகளை வைத்துத் தியோடர் போவெரியும் அதே முடிவுக்கு வந்தார். 1910ல் தாமஸ் மார்கனின் ஆய்வகத்தில் கிடைத்த வெள்ளைக்கண் பழ ஈ, ஒரு குறிப்பிட்ட மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதைக் காட்டியது.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். இரண்டு மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் இருந்தால் சேர்ந்தே போக வேண்டும். ஆனால் சில சமயம் பிரிகின்றன, குறுக்கேற்றத்தால். தூரம் அதிகம் என்றால் அடிக்கடி பிரியும், பக்கத்தில் இருந்தால் அபூர்வமாக. அப்படியானால் பிரியும் விகிதத்தையே தூரமாக வைத்துக்கொள்ளலாமே என்று மார்கனின் மாணவர் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் நினைத்தார். 1913ல் வெளியான முதல் மரபணு வரைபடம் அது. யாரும் மரபணுவைப் பார்த்ததில்லை. ஆனால் வரைபடம் வந்துவிட்டது. குறுக்கேற்றத்தின்போது குரோமோசோம் துண்டுகள் நிஜமாகவே இடம் மாறுகின்றன என்பதை ஹாரியட் கிரெய்ட்டனும் பார்பரா மெக்லின்டாக்கும் 1931ல் மக்காச்சோளத்தில் காட்டினார்கள்.

ஒரு திருத்தம்: மெண்டலின் ஏழு பண்புகளும் பட்டாணியின் ஏழு ஜோடிகளில் ஜோடிக்கு ஒன்றாக இருந்தன என்று சில கைட்களில் போட்டிருக்கும். அப்படியில்லை. ஒரே குரோமோசோமில் இருந்தவையும் உண்டு. வெகு தூரத்தில் இருந்தால் குறுக்கேற்றம் தாராளமாக நடந்து, அவை சார்பின்றி ஒதுங்குவது, அதாவது ஒன்றையொன்று சாராமல் பிரிவது, போலவே தோன்றும்.

ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

சினைமுட்டையில் எப்போதும் எக்ஸ். விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எக்ஸ் முந்தினால் பெண், ஒய் முந்தினால் ஆண். பெண் குழந்தை பிறந்ததைக் காரணம் காட்டி இன்னமும் பெண்ணைக் குறை சொல்பவர்களுக்கு உயிரியல் ஒரு துளியும் துணை நிற்காது. அதற்காக ஆணைக் குறை சொல்லவும் வழியில்லை, அவர் தேர்ந்தெடுப்பதில்லையே. மாவுப்புழுவில் இந்தச் சின்ன ஒய் குரோமோசோமைக் கண்டு, அதையும் ஆண்-பெண் பால் வேறுபாட்டையும் தொடர்புபடுத்தி 1905ல் எழுதியவர் நெட்டி ஸ்டீவன்ஸ்.

எக்ஸும் ஒய்யும் அளவில் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் முதல் பிரிவில் இரண்டும் ஜோடி சேர்ந்தாக வேண்டும் அல்லவா? நுனிகளில் மட்டும் இரண்டுக்கும் பொதுவான சிறு பகுதிகள் இருக்கின்றன, அங்கே பிடித்துக்கொள்கின்றன.

மூன்றும் பெண். நான்காவது ஆணாக இருக்க வாய்ப்பு அதிகமா?

இல்லை. விந்தணுவுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி எதுவும் தெரியாது.

அப்பாவுக்கு நிறக்குருடு இல்லை, அம்மாவுக்கும் இல்லை. மகனுக்கு எப்படி வந்தது?

சிவப்பு–பச்சை நிறக்குருட்டின் மரபணு எக்ஸில் இருக்கிறது. அம்மாவின் இரண்டு எக்ஸில் ஒன்று பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துவிடும். மகனுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதுவும் அம்மா கொடுத்தது. பழுதானது வந்தால் ஈடுகொடுக்க வேறு பிரதி கிடையாது. அப்படிப்பட்ட தாய்க்கு ஒவ்வொரு மகனுக்கும் வாய்ப்பு சரிபாதி. அப்பாவுக்கு நிறக்குருடு இருந்தால் மகனுக்கு அவரிடமிருந்து வராது. மகள்கள் எல்லோரும் அதைச் சுமப்பார்கள். தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருகிறது என்று சொல்வது இதனால்தான். ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோஃபீலியாவுக்கும் இதே கணக்கு.

ஆணிலும் பெண்ணிலும் குன்றல் பகுப்பு ஒரே மாதிரிதானா?

படிகள் ஒன்று. காலக்கணக்கு மலைக்கும் மடுவுக்கும்.

ஆணில் பருவமடைந்த பிறகு தொடங்கி, விந்தணு உருவாக்கம் முழுவதும் இரண்டரை மாத அளவில் முடிந்துவிடும். ஒரு செல்லிலிருந்து நான்கு விந்தணுக்கள். நாள்தோறும் கோடிக்கணக்கில்.

பெண்ணில் தொடங்குவதே பிறப்பதற்கு முன்னால். தாயின் கருப்பையில் சில மாதக் கருவாக இருக்கும்போதே செல்கள் முதல் பிரிவுக்குள் நுழைந்து, ஜோடி சேர்ந்து, குறுக்கேற்றத்தை முடித்து, அப்படியே உறைந்து நிற்கும். ஐந்தாம் மாதக் கருவில் 60-70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10-20 லட்சமாகக் குறைந்துவிடும். பருவமடைந்த பிறகு மாதத்துக்கு ஒன்று விழித்து முதல் பிரிவை முடிக்கும். வாழ்நாளில் மொத்தம் 400 சொச்சம். அதுவும் இரண்டாம் பிரிவின் நடுவில் மறுபடி நின்றுவிடும். விந்தணு உள்ளே நுழைந்தால்தான் கடைசிப் படி. பிரிவும் சமமாக இருக்காது: சத்து எல்லாம் ஒரு செல்லுக்கே போகும், மிச்சம் துருவ செல்கள் என்ற பெயரில் ஒதுங்கி அழியும்.

உங்களை உண்டாக்கிய சினைமுட்டை, உங்கள் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே குன்றல் பகுப்பைத் தொடங்கிவிட்டது. அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியின் குரோமோசோம்கள் உங்களுக்காகக் கலக்கப்பட்டது அப்போதுதான்.

டவுன் நோய்க்குறி ஏன் வருகிறது? தாயின் வயதுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று. 1959ல் பிரான்ஸில் ஜெரோம் லெஜூன் குழுவினர் இதை வெளியிட்டார்கள். பெரும்பாலும் காரணம் பிரியாநிலை: ஜோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போவது. முதல் பிரிவில் இப்படி ஆனால் நான்கு செல்களும் கெட்டுவிடும். இரண்டு செல்களில் ஒரு குரோமோசோம் கூடுதல், மற்ற இரண்டு செல்களில் ஒரு குரோமோசோம் குறைவு. இரண்டாம் பிரிவில் ஒரு செல்லில் மட்டும் ஆனால் இரண்டு செல்கள் தப்பிக்கும்.

மேலே சொன்ன கிளிப்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவை கருவில் மாட்டப்பட்டவை. 40 வயதில் விழிக்கும் சினைமுட்டையில் அவை 40 வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாளடைவில் தளர்வது முக்கியக் காரணங்களில் ஒன்று. 25 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,200 பிறப்புகளுக்கு ஒன்று என்ற வாய்ப்பு, 40 வயதில் 100க்கு ஒன்று என்ற அளவுக்கு உயர்கிறது. என்றாலும் இளம் தாய்மார்களுக்கே அதிகக் குழந்தைகள் பிறப்பதால், இந்நிலையுள்ள பல குழந்தைகளின் தாய்மார்கள் 35க்குக் கீழ்தான். யாரும் சாப்பிட்டதாலோ, பார்த்ததாலோ, செய்ததாலோ வருவது அல்ல இது. சில சதவீதம் பேருக்கு மட்டும் 21இன் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருப்பது காரணம். அது குடும்பத்தில் தொடரக்கூடும் என்பதால் பெற்றோருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்யச் சொல்வார்கள்.

மற்ற குரோமோசோம்களிலும் இந்தப் பிசகு நடக்கிறது. பெரும்பாலானவை ஆரம்பத்திலேயே கருச்சிதைவாகிவிடுவதால் நாம் பார்ப்பதில்லை.

கோவேறு கழுதை ஏன் குட்டி போடுவதில்லை?

குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 32ம் 31ம் சேர்ந்து 63. உடம்பு நன்றாக வளர்கிறது; சாதாரணச் செல் பிரிவுக்கு ஜோடி தேவையில்லை. குன்றல் பகுப்பு வரும்போதுதான் ஜோடி கிடைக்காமல் எல்லாம் சிக்குகிறது. மிக அபூர்வமாகப் பெண் கோவேறு கழுதை ஈன்றதாகப் பதிவுகள் உண்டு.

குரோமோசோம் அதிகம் என்றால் உயர்ந்த உயிரினமா?

நாய்க்கு 78, நமக்கு 46, உருளைக்கிழங்குக்கு 48, ஒரு வகைப் பெரணிக்கு ஆயிரத்துக்கும் மேல். பதில் கிடைத்துவிட்டது அல்லவா.

எல்லா முன்னோரிடமிருந்தும் நமக்கு டி.என்.ஏ வந்திருக்கிறதா?

இல்லை. பெற்றோரிடமிருந்து பாதிப் பாதி என்பது உறுதி. தாத்தா பாட்டி என்று வரும்போதே கால் கால் என்பது சராசரி ஆகிவிடுகிறது; ஒருவருடையது 22, இன்னொருவருடையது 28 என்று சாயலாம். ஒரு தலைமுறையில் ஒரு குரோமோசோமுக்குச் சில குறுக்கேற்றங்கள்தான் நடப்பதால், டி.என்.ஏ தூளாகக் கலப்பதில்லை, பெரிய துண்டுகளாக இறங்குகிறது. பத்துத் தலைமுறைக்கு முன்னால் போனால் முன்னோர் இடங்கள் 1,024. உங்களுக்கு வந்த துண்டுகளின் எண்ணிக்கை அதற்கு ஈடுகொடுக்காது. அதனால் அவர்களில் கணிசமானோரின் டி.என்.ஏ உங்கள் உடம்பில் ஒரு துணுக்குக்கூட இல்லை. வம்சாவளியில் அவர்கள் உங்கள் முன்னோர்தான். குரோமோசோமில் தடயம் கிடையாது. தாய்வழியே இறங்கும் மைட்டோகாண்டிரியாவின் (செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பின்) டி.என்.ஏவும், தந்தை–மகன் வழியே இறங்கும் ஒய்யும் மட்டும் இந்தச் சீட்டுக் குலுக்கலில் பெரும்பாலும் சேராமல் நேர்கோட்டில் வருகின்றன.